வரைபடம் கொள்ளாத மண்: தீவகத்து நிலத்தை வகைப்படுத்துவது பற்றி

இலங்கை முழுவதற்குமான மண் வரைபடம் 1:500,000 என்ற அளவுத்திட்டத்தில் புழங்குகிறது. அதில் ஒரு சென்றிமீற்றர் என்பது தரையில் 5 கிலோமீற்றர். தாளின் ஒரு சதுர சென்றிமீற்றருக்குள் 25 சதுர கிலோமீற்றர் நிலம் அடங்கிவிடும். மண் வரைபடம் வரைவோரிடம் பழகிய விதி ஒன்று உண்டு: 0.4 சதுர சென்றிமீற்றரிலும் சிறிய திட்டு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது, ஆகவே அதைத் தனியே வரைவதில்லை. இந்த அளவுத்திட்டத்தில் அது தரையில் 10 சதுர கிலோமீற்றர் ஆகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டை அண்டிய தீவகத்தில் நயினாதீவின் பரப்போ 4 சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேல். அனலைதீவும் எழுவைதீவும் மண்டைதீவும்கூட அந்த எல்லையை எட்டமாட்டா. நெடுந்தீவுக்குத் தாளில் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு சதுர சென்றிமீற்றர். ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய பெரிய தீவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. நயினாதீவில் எத்தனை விதமான மண் இருந்தாலும் வரைபடத்தில் அது ஒரே வண்ணம்தான். அந்த வண்ணத்தையும் பக்கத்துப் பெருந்தீவிடமிருந்தே கடன்வாங்க வேண்டியிருக்கும்.

தரையில் நடப்பவருக்கு நிலைமை வேறு. கரையில் சிப்பியும் மணலும். அதைத் தாண்டினால் மாரியில் நீர் நிற்கும், கோடையில் வெள்ளை பூக்கும் தரவை. பிறகு மண்வெட்டி ஒரு சாண் இறங்குமுன் கல்லில் தட்டும் கலட்டி. நடுவில் எங்கோ பனைக்கும் தோட்டத்துக்கும் இடம் கொடுக்கும் ஆழமான மண். இவ்வளவும் சில நூறு மீற்றருக்குள் வந்துபோகும். இந்த இடைவெளி அளவுத்திட்டத்தால் மட்டும் வந்ததன்று என்பதே என் வாதம். வரள்நில மண்ணைப் பிரிப்பதற்கு உலகில் உருவான முறைகள் மழையை முதன்மையாக வைத்துக் கேள்வி கேட்கின்றன. தீவகத்திலோ மண்ணை மண்ணிலிருந்து பிரிப்பவை வேறு இரண்டு: கல் எந்த ஆழத்தில் இருக்கிறது, அந்தக் கல்லுக்குள் நிற்கும் நீர் நல்லதா உவரா. ஊர்ப் பெயர்கள் இவ்விரண்டுக்கும் விடை சொல்கின்றன. விஞ்ஞானப் பெயர்கள் பாதிதான் சொல்கின்றன. இரண்டையும் ஒரே தாளில் சேர்த்து எழுதும்போதுதான் இங்குள்ள மண்ணுக்கு உருப்படியான வகைப்பாடு கிடைக்கும்.

மழையை முதன்மையாக வைத்தது எப்படி என்று பார்க்கலாம். ரஷ்யாவின் வசீலி டொகுச்சாயெவ் 1883இல் கரிய மண் பற்றிய தம் நூலை வெளியிட்டபோது, மண் என்பது உடைந்த பாறைத்தூள் என்ற எண்ணம் மாறத் தொடங்கியது. காலநிலை, உயிரினம், தாய்ப்பாறை, தரையமைப்பு, காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்து உருவாக்கும் தனி இயற்கைப் பொருள் அது என்றானது. சில ஆண்டுகள் கழித்து, 1892இல், கலிபோர்னியாவில் உவர் நிலங்களை ஆராய்ந்துகொண்டிருந்த யூஜின் ஹில்கார்ட் மண்ணுக்கும் காலநிலைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அவர் காட்டிய உண்மை எளியது. மழை நிறைந்த நாட்டில் நீர் மண்ணைக் கழுவிச் சுண்ணாம்பையும் உப்பையும் ஆற்றோடு கொண்டுபோகும். மழை குறைந்த நாட்டில் கழுவுவதற்கு நீர் போதாமல் அவை மண்ணிலேயே தங்கும். வரள்நில மண் பற்றிய இன்றைய வகைப்பாடுகள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தத் தர்க்கம் இருக்கிறது. அமெரிக்க முறையில் வரள்நில மண்ணுக்கென ‘அரிடிசோல்’ என்று ஒரு வரிசையே உண்டு. பயிர் வளரத் தக்க வெப்பமுள்ள காலத்தில் தொடர்ந்து 90 நாளுக்காவது ஈரம் நில்லாத மண் அதற்குள் போகும்.

இந்தத் தர்க்கத்தோடு தீவகத்துக்கு வந்தால் உடனே ஒரு முரண் எதிர்ப்படுகிறது. இலங்கையில் ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த நிலமெல்லாம் உலர் வலயம். யாழ்ப்பாணத்தில் பெய்வது சராசரியாக 1,200 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். உலகக் கணக்கில் இது பாலைநிலம் ஆகாது. ராஜஸ்தானத்து வரட்சியோடு ஒப்பிட முடியாத மழை இது. ஆனால் மண்ணைத் தோண்டினால் வரள்நில அடையாளங்கள் இருக்கின்றன: சுண்ணாம்பு இருக்கிறது, உப்பு இருக்கிறது, மேலே தாவர மக்கு மிகக் குறைவு. ஹில்கார்ட்டின் விளக்கத்தில் சுண்ணாம்பு தங்குவதற்குக் காரணம் மழைக்குறைவு. இங்கே சுண்ணாம்பு கீழிருந்து வருகிறது. குடாநாட்டுக்கும் தீவுகளுக்கும் அடியில் கிடப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல். உப்போ பக்கத்திலிருந்து வருகிறது, கடலிலிருந்து. மழை கழுவாததால் தங்கியது கொஞ்சம்; கழுவக் கழுவத் திரும்பி வந்துகொண்டிருப்பது அதிகம். ஒரே அடையாளம் இரண்டு வேறு வரலாறுகளைக் காட்டக்கூடும் என்பதை மறந்தால் வகைப்பாடு தவறிப்போகும்.

இலங்கையின் மண்ணியல் இந்தச் சிக்கலை அறியாததன்று. 1930களிலும் 40களிலும் யோக்கிம், கந்தையா போன்றோர் ஆய்வுகூடத்தில் நாட்டின் மண்களைப் பகுத்து எழுதினார்கள். 1961இல் மூர்மனும் பானபொக்கேயும் நாடு முழுவதையும் பெரும் மண் குழுக்களாகப் பிரித்துக் காட்டினர். 1972இல் டி அல்விஸும் பானபொக்கேயும் சேர்ந்து எழுதிய கைநூல் அதை நிலைநிறுத்தியது. 2010இல் மாபாவும் சக ஆய்வாளரும் உலர் வலய மண்களைப் பற்றித் தனி நூலே கொண்டுவந்தனர். வடக்குக்கென அவர்கள் கொடுத்த பெயர்கள் இன்றும் பாடப்புத்தகங்களில் உள்ளன. வலிகாமத்தின் செம்மண் சுண்ணச் செம்மஞ்சள் லற்றசோல். கரையோர மணல் றெகோசோல். முருங்கன் பக்கத்துக் கரிய வெடிப்பு மண் குருமுசோல். கடனீரேரிகளை அண்டிய நிலம் சொலொனெற்ஸ், சொலொன்சாக். பானபொக்கே நிலத்தடி நீரையும் ஆராய்ந்தவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 2005இல் பெரேராவுடன் எழுதியபோது யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நீர்ப்படையைத் தனி வகையாகவே வைத்தார். மண்ணையும் நீரையும் ஒரே மனிதர் பார்த்த அந்தப் பார்வை ஒரே வரைபடமாக இறங்கவேண்டும் என்பதே நம் ஆசை.

செம்மண்ணையே கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். மண்ணாய்வாளர் பையில் 10 வீத ஐதரோகுளோரிக் அமிலம் கொண்ட சிறு போத்தல் ஒன்று இருக்கும். வலிகாமத்தில் வெட்டிய குழியின் சுவரில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு துளியாக விட்டுப் பார்த்தால், ஆழமான செம்பாட்டின் மேற்பகுதி பெரும்பாலும் அமிலத்தைச் சத்தமின்றி உறிஞ்சிவிடும். கீழே கல்லை நெருங்கும் இடத்தில் துளி சீறி நுரைக்கும். மக்கிக்கல் துண்டில் பட்டால் பொங்கியே விடும். சுண்ணாம்பின் மேல் உட்கார்ந்திருக்கும் மண்ணில் சுண்ணாம்பு கரைந்துபோய், இரும்பு மட்டும் சிவப்பாகத் தங்கியதன் சான்று இது. நெடுங்காலமாகக் கிணற்றுநீர் இறைத்த தோட்டமாயின் இந்த ஒழுங்கும் குழம்பலாம், ஏனெனில் நம் கேத்தில்களுக்குள் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு இறைத்த நீரோடு மேல்மண்ணுக்குத் திரும்புகிறது. அந்தச் சிவப்புக் களியைக் கையில் பிசைந்து பார்த்தால் ஒட்டும். ஆனாலும் மழை பெய்தால் நீர் மேலே நில்லாமல் விறுவிறென்று இறங்கிவிடும். இரும்பு ஒட்சைட்டு களித்துகள்களை நுண்ணிய மணிகளாகக் கட்டிவைத்திருப்பதால் மணிகளுக்கிடையே நீருக்கு வழி கிடைக்கிறது. வலிகாமத்துத் தோட்டக்காரர் அடிக்கடி இறைக்க வேண்டியிருப்பதும், இட்ட உரத்தின் நைத்திரேற்று விரைவாகக் கிணற்றுக்குள் இறங்குவதும் இந்த ஒரே குணத்தின் இரண்டு பக்கங்கள்.

இவ்வளவு செம்மண் எங்கிருந்து வந்தது என்பது மத்தியதரைக் கடல் நாடுகளிலும் நெடுநாள் விவாதம். தூய சுண்ணாம்புக் கல் கரைந்தால் மிஞ்சும் களி மிகச் சொற்பம். பார்படோஸ், பகாமாஸ் போன்ற சுண்ணாம்புத் தீவுகளில் டானியல் மூஸ் செய்த ஆய்வுகள், சகாராவிலிருந்து அத்திலாந்திக் கடந்து வந்த தூசிக்கு அங்குள்ள மண் உருவாகியதில் பங்குண்டு என்று காட்டின. கல்லின் மேல் கிடக்கும் மண் அந்தக் கல்லின் பிள்ளைதான் என்று எப்போதும் கொள்ள முடியாது. நிறமும் ஏமாற்றும். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டின் சிவப்பும் யாழ்ப்பாணத்துச் செம்பாட்டின் சிவப்பும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். தேரியில் இருப்பது காற்று குவித்த மணல், இங்கே இருப்பது கல்லின் மேல் தங்கிய களி. நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் வைத்தவர் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிடுவார்.

தீவுகளில் செம்பாடு குடாநாட்டின் நடுப்பகுதியில் போல் அகன்று பரந்ததில்லை. அதனால்தான் ஊர்ப் பெயர்களின் உதவி இங்கே இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. செம்பாடு, இருவாட்டி, மணல், களி, கலட்டி, தரவை, உவர் என்று யாழ்ப்பாணத்தார் பிரிக்கும்போது அவர்கள் ஒரே அளவுகோலைப் பிடிப்பதில்லை. செம்பாடு நிறத்தைச் சொல்கிறது. இருவாட்டி மணலுக்கும் களிக்கும் நடுவான இழையமைப்பை. கலட்டி கல்லின் அண்மையை. தரவை தரையமைப்பையும் மேய்ச்சலையும். உவர் நீரின் சுவையை. வகைப்பாட்டு நூல்களைக் கற்றவருக்கு இது ஒழுங்கற்றதாகத் தோன்றலாம். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. ஒவ்வொரு காணியிலும் பயிரை எது தடுக்கிறதோ அதையே பெயராக வைத்திருக்கிறார்கள். மண்ணின் பிறப்பைத் தேடும் வகைப்பாடு ஒன்று, மண்ணின் தடையைத் தேடும் வகைப்பாடு மற்றொன்று. காணிக்காரருக்கு இரண்டாவதுதான் முதலில் வேண்டும்.

கல்லின் ஆழம் என்ற தடையை நெடுந்தீவில் எவரும் காணலாம். தீவெங்கும் முருகைக்கல்லையும் சுண்ணாம்புக் கல்லையும் சாந்தில்லாமல் அடுக்கிய வேலிகள். அவை காணியின் எல்லையைக் காட்டுகின்றன, ஆடுமாட்டைத் தடுக்கின்றன. கூடவே அந்தக் காணியில் வேர் இறங்குவதற்காக அகற்றவேண்டியிருந்த கல்லுக்கு இருப்பிடமாகவும் ஆகியிருக்கின்றன. உலக மண் வள மேற்கோள் தளம் என்ற பன்னாட்டு முறை, 25 சென்றிமீற்றருக்குள் தொடர்ந்த பாறை தட்டும் மண்ணை ‘லெப்ரோசோல்’ என்கிறது. பரும்படியான கல் நிறைந்து நுண்மண் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள நிலமும் அதற்குள்ளேயே வரும். கலட்டி என்பதை அந்த முறைக்கு மொழிபெயர்த்தால் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும். கல்லைப் பொறுக்கி வேலியில் அடுக்கிய காணியோ, அதே கோட்டின் மறுபக்கம் விழக்கூடும். மனித உழைப்பு மண்ணின் வகையையே மாற்றிவிட்ட இடம் அது.

ஆழம் ஏன் இவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஒரு மீற்றர் ஆழமான மண் பயிருக்கென்று 100 மில்லிமீற்றர் நீரைப் பிடித்துவைக்கும் என்று வைத்துக்கொள்வோம். கல்லுக்கு மேல் 15 சென்றிமீற்றரே மண் இருந்தால் அது பிடிப்பது 15 மில்லிமீற்றர். நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் குடிக்கும் பயிர் மூன்றாம் நாள் வாடத் தொடங்கும். அடுத்த காணியில் மண் 120 சென்றிமீற்றர் என்றால் அதே மழையில் 24 நாள் தாக்குப்பிடிக்கும். இரு காணிக்கும் வானம் ஒன்று, மழைமானியில் பதியும் எண்ணும் ஒன்று. பயிருக்கோ அவை இரண்டு வெவ்வேறு காலநிலைகள். மானாவாரி நெல்லை எந்த வயலில் விதைப்பது, எதைத் தரவையாகவே விடுவது என்று முன்னோர் எடுத்த முடிவுகளுக்குள் இந்தக் கணக்கு இருந்திருக்கிறது.

இனி உப்பு. இதில்தான் வகைப்பாடு மிகவும் தடுமாறுகிறது, ஏனெனில் தீவகத்தில் உப்பு ஓரிடத்தில் நில்லாது. கார்த்திகை மழையில் அது கரைந்து கீழே இறங்கும். மாசி கழிந்து நிலம் காயத் தொடங்கினால், ஆழமில்லாத நிலத்தடி நீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறி, வெயிலில் ஆவியாகி, கொண்டுவந்த உப்பை மேற்பரப்பில் விட்டுச்செல்லும். தையில் எடுத்த மாதிரியும் ஆவணியில் எடுத்த மாதிரியும் ஒரே குழியிலிருந்து வந்தவை என்று சொன்னாலும் நம்ப முடியாதபடி எண்கள் வேறுபடக்கூடும். பன்னாட்டு முறை, ஆண்டின் ஏதேனும் ஒரு காலத்திலாவது மின்கடத்துதிறன் மீற்றருக்கு 15 டெசிசீமனை எட்டினால் போதும் என்கிறது. அமெரிக்க முறை 30ஐக் கேட்கிறது, அதுவும் தொடர்ந்து 90 நாளுக்கு. ஒரே தரவை ஒரு முறையில் உவர் மண்ணாகவும் மற்றதில் அல்லாததாகவும் பதிவாகலாம். ஆய்வறிக்கையில் மாதிரி எடுத்த மாதம் எழுதப்படாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை என்பேன்.

உவரோடு களரையும் பிரிக்க வேண்டும். தமிழ்நாட்டு வேளாண்மைத் துறையினர் இவ்விரண்டையும் தெளிவாக வேறாக்குகிறார்கள். கரையும் உப்பு மிகுந்து மின்கடத்துதிறன் 4 டெசிசீமனைத் தாண்டியது உவர்; களித்துகள்களில் ஒட்டியுள்ள சோடியம் 15 வீதத்தைத் தாண்டி, கார அமிலநிலை 8.5க்கு மேல் போனது களர். இந்த எல்லைகளை அமெரிக்க உவர் ஆய்வுகூடத்தின் 1954ஆம் ஆண்டுக் கைநூல் பரப்பியது. தீவகத்தில் பேச்சுவழக்கு இரண்டையும் உவர் என்றே சொல்லிவிடும், மருந்தோ வேறு. உவர் நிலத்துக்கு நல்ல நீரும் வடிகாலும் போதும். களர் நிலத்தை வெறுமே கழுவினால் களி கரைந்து குழம்பி, காய்ந்தபின் இறுகிவிடும். முதலில் சோடியத்தை வெளியேற்றக் கல்சியம் வேண்டும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 10.8 கிராம் சோடியம், கல்சியமோ 0.4 கிராம்தான் என்பதால் கடல் ஏறிய வயலுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. தமிழ்நாட்டில் இதற்கு ஜிப்சம் இடுவார்கள். தீவகத்து மண்ணில் கல்சியம் சுண்ணாம்பாக ஏற்கெனவே கிடக்கிறது. கரையாமல் கிடப்பதுதான் குறை. பூவரசங்குழையைத் தாழ்த்தி மூடினால், அது உக்கும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டு மண்நீரில் சேர்ந்து சுண்ணாம்பைக் கரைக்கும். கரைந்த கல்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும். ஆட்டுப்பட்டி அடைப்பதும் குழை தாழ்ப்பதும் வெறும் பசளைக்காக மட்டும் என்று எழுதிவிட்டுப் போவோர் இந்த வேதியியலைக் கவனிப்பதில்லை.

உப்பைப் பற்றிப் பேசினால் கிணற்றுக்குள் இறங்காமல் முடியாது. சிறு தீவொன்றில் மழைநீர் கல்லின் துளைகளுக்குள் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் மெல்லிய வில்லை வடிவில் மிதக்கிறது. கைபன், ஹெர்ஸ்பேர்க் என்ற இருவர் பெயரால் வழங்கும் பழைய விதியின்படி, கடல்மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஓரடி நின்றால் அடியில் ஏறத்தாழ 40 அடி வரை நல்ல நீர் இருக்கும். இந்த விதியின் மறுபக்கம் கொடியது: பம்பு வைத்து நீர்மட்டத்தை ஓரடி இறக்கினால் கீழிருந்து உவர் 40 அடி ஏறிவர முயலும். துலாவால் இறைத்த காலத்தில் மனிதக் கையின் தளர்ச்சியே வில்லைக்குக் காவலாக இருந்தது. நல்ல தண்ணிக் கிணறும் சவர்த்தண்ணிக் கிணறும் அருகருகே இருப்பதை அறியாத தீவகத்தார் இல்லை. அந்தச் சவர்த்தண்ணியை இறைத்த தோட்டத்து மண்ணும் சில ஆண்டுகளில் தன் வகையை மாற்றிக்கொள்ளும். ஆகவே இங்கு மண்ணுக்குப் பெயர் வைக்கும்போது அருகிலுள்ள கிணற்றின் நீரையும் சேர்த்தே எழுத வேண்டும். கிணற்றை விட்டுவிட்டு எழுதிய பெயர் பத்தாண்டு தாங்காது.

இதை அவசரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1990–91 காலத்தில் போரினால் தீவக மக்களில் பெரும்பகுதியினர் இடம்பெயர்ந்தனர். பலர் திரும்பவே இல்லை. எந்தக் காணி கலட்டி, எந்த வயலில் மாரி பிந்தினால் உவர் ஏறும், எந்தக் கிணறு ஆவணியில் மாறும் என்று அறிந்தவர்கள் இன்று ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இலண்டனிலும் முதுமையில் இருக்கிறார்கள். நிலத்தில் துளை போடுவதைப் பிந்திச் செய்யலாம், மண் காத்திருக்கும். அவர்களிடம் கேட்பதைப் பிந்திச் செய்ய முடியாது. ஊர்ச் சங்கங்கள் வெளியிடும் மலர்களில் கோயில் வரலாறும் பாடசாலை வரலாறும் இருக்கின்றன. காணி வரலாறும் வேண்டும். ஒரு காணியின் பெயர், அதில் என்ன விளைந்தது, எந்த மாதம் நீர் கெட்டது என்ற மூன்றையும் தொலைபேசியிலேயே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

அளவுத்திட்டத்துக்குத் திரும்பினால், செய்யவேண்டிய வேலையின் பரிமாணம் தெரியும். 1:10,000இல் வரைந்தால் தாளின் ஒரு சதுர சென்றிமீற்றர் தரையில் ஒரு ஹெக்டேயர். படிக்கத்தக்க மிகச் சிறிய திட்டு 0.4 ஹெக்டேயர், அதாவது ஓர் ஏக்கர், நம் கணக்கில் 16 பரப்பு. காணிக்காரர் மண்ணைப் பேசும் அளவும் அதுவே. வரைபடத்தின் ஒரு சதுர சென்றிமீற்றருக்கு ஓர் அவதானிப்பு என்று கொண்டால் நயினாதீவு முழுவதற்கும் 400 துளைகளுக்குச் சற்று மேல் போதும். கைத்துளைப்பானோடு நாளுக்குப் பத்து என்று இறங்கினால் ஒரு பல்கலைக்கழக வகுப்பின் ஓராண்டு வேலைக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு துளையிலும் கல்லின் ஆழம், இழையமைப்பு, அமிலத் துளி சீறத் தொடங்கிய இடம், அண்மைக் கிணற்றின் நீர்மட்டம், ஊரார் சொல்லும் பெயர் ஆகியவற்றை எழுதவேண்டும். இவற்றை ஒருமுறை எழுதினால் போதும். உப்பை மட்டும் இருமுறை அளக்கவேண்டும்: முதல் மழைக்கு முன் புரட்டாதியில் ஒருமுறை, மழை ஓய்ந்த தையில் ஒருமுறை.